கண் தெரியாதவர்களுக்கு ஒரு கலை மண்டபம்: என் படத்தில் என்ன பிழை?

பிளான்கீறி, களுவாஞ்சிகுடி

எல்லோருக்கும் வணக்கம். நான் வீட்டுப் படம் கீறிப் பிழைக்கிறவன். மதில், மாடிப்படி, பிரதேச சபைக்குக் கொடுக்கிற படம் என்று பதினான்கு வருடம் ஓடிவிட்டது. இந்த முறை வந்த வேலை வேறு மாதிரி.

எங்கள் பக்கத்தில் பழைய நெல் களஞ்சியம் ஒன்று சும்மா கிடக்கிறது. 34 அடி நீளம், 20 அடி அகலம், தகரக் கூரை, நாலு பக்கமும் பூசிய சுவர். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப்பிள்ளைகள் 11 லட்சம் ரூபாய் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திருத்தி, விழிப்புலனற்றவர்கள் கூடிப் பாட, கைவேலை செய்ய, விளையாட ஒரு இடமாக ஆக்கித் தரச் சொல்லிச் சங்கத்தார் கேட்டார்கள். 18 பேர் வருவார்கள். 5 பேருக்கு ஒன்றுமே தெரியாது, மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஆகச் சின்னவளுக்கு 8 வயது, ஆகப் பெரியவருக்கு 71.

நானும் இணையத்தில் தேடிப் பார்த்து, ஆசையாகத்தான் கீறினேன். நிலம் முழுக்க அந்த மேடு வைத்த மஞ்சள் ரைல்ஸ். ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சீமெந்தில் புடைப்புச் சித்திரம்: எங்கள் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன், கல்லடிப் பாலம், தோணி. எல்லாக் கதவிலும் பிரெய்ல் பலகை. வெளிச்சம் வரட்டும் என்று கிழக்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், வெள்ளை நிலம், வெள்ளைச் சுவர்.

போன ஞாயிறு கூட்டம். படத்தைச் சுருள் அவிழ்த்து மேசையில் விரித்து, பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு தேநீர்க் கோப்பை வைத்து, "இதுதான் வாசல், இந்தப் பக்கம் மேடை" என்று விரலால் காட்டிக்கொண்டே போகிறேன். மேசையைச் சுற்றி 11 பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கடைசியில் அந்த 71 வயது ஐயா கையை நீட்டித் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "கடதாசி நல்ல வழுவழுப்பு, தம்பி. விலை கூடவோ?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் காது இரண்டும் சுட்டது.

2006ஆம் ஆண்டு வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் என்னிடம் இருக்கின்றன. சாய்தளம், கதவகலம், கைப்பிடி எல்லாம் அதைப் பார்த்துச் செய்துவிடுவேன். பொழுதைக் கழிக்க ஒருவர் ஆசைப்பட்டு வருகிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. கண் தெரியாதவர்கள், அவர்களோடு பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள். எதை வெட்ட, எதை வைக்க?

மத்தளக்காரன், படுவான்கரை

தம்பி, இதை நான் கைப்பேசியிடம் பேசித்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அதோடு சண்டை பிடியுங்கள்.

எனக்கு ஒன்பது வயதில் இரண்டு கண்ணும் போனது. இப்போது 58. உங்கள் படத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். களஞ்சியத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கை தட்டுங்கள். சத்தம் 'டக்' என்று நிற்காது. 'ட்ர்ர்ர்' என்று இரண்டு சுவருக்கும் நடுவில் ஓடும். வெறும் பூச்சுச் சுவர் இரண்டு நேருக்கு நேர் நின்றால் அப்படித்தான். அதற்குள் 18 பேர் கதைத்தால் யார் எங்கே இருக்கிறார் என்று எனக்குப் பிடிபடாது. உங்களுக்கு அது இரைச்சல். எனக்கு அது இருட்டு. கார்த்திகை, மார்கழியில் அந்தத் தகரத்தில் மழை கொட்டினால் கும்மிருட்டு, மண்டபத்தைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ஆகவே முதல் காசு கூரைக்குக் கீழே போகட்டும். தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையில் நல்ல இடைவெளி விட்டு அடியுங்கள். வெக்கையும் குறையும். சுவருக்குப் பன்பாய், பன்புல்லில் இழைக்கிற பாய், போதும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளிச் சட்டம் அடித்துத் தொங்கவிடுங்கள். ஆனால் நாலு சுவரையும் மூடிவிடாதீர்கள். எதிரொலி முழுக்கச் செத்துப்போனால் சுவர் எங்கே முடிகிறது, வாசல் எங்கே திறந்து கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்தடுத்த இரண்டு சுவருக்குப் பாய், மற்ற இரண்டும் வெறுஞ்சுவர். வாசலுக்கு மேலே டிக் டிக் என்று அடிக்கிற பழைய மணிக்கூடு ஒன்று. எந்த மூலையில் நின்றாலும் வெளியே போகிற வழி அது சொல்லும். சத்தம் போடுகிற பழைய மின்விசிறியை மட்டும் யாரும் அன்பளிப்புச் செய்தாலும் வாங்காதீர்கள்.

மஞ்சள் ரைல்ஸ். அதில் இரண்டு சாதி இருப்பது தெரியுமா? நீட்டுக் கோடு வைத்தது 'போ'. பொட்டு வைத்தது 'நில், முன்னால் ஏதோ இருக்கு'. நிலம் முழுக்கப் பதித்தால் எழுத்தே இல்லாமல் வெறும் முற்றுப்புள்ளியாக எழுதிய கடிதம் மாதிரி. 34 அடி மண்டபத்துக்குள் அது எனக்குத் தேவையே இல்லை, காலும் நோகும். வெளிப்படி தொடங்குகிற இடத்தில் பொட்டு வைத்தது ஒரு வரிசை, கேற்றில் இருந்து வாசலுக்குக் கோடு வைத்தது ஒரு வரிசை. சரி, முடிந்தது.

பிரெய்ல் பலகையைக் கதவில் அடிக்காதீர்கள். நான் குனிந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து ஒருவர் திறந்தால் என் மூக்கு போகும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், பூட்டு இருக்கிற பக்கம், நெஞ்சுக்கும் முகத்துக்கும் நடுவான உயரத்தில் வையுங்கள். புடைப்பாகப் பெரிய எழுத்தும் சேர்ந்து இருக்கட்டும். நடுவயதில் கண் போனவர்கள் எத்தனை பேர் பிரெய்ல் படித்தார்கள்? ஓர் இடத்தில் பெரிதாக விழா எடுத்துப் பெயர்ப்பலகை திறந்தார்கள். பிரெய்லும் இருக்கு, தொட்டுப் பாருங்கள் என்றார்கள். தொட்டால் வெறும் பிளெக்ஸ் சீற். புள்ளியைப் படமாக அச்சடித்திருக்கிறார்கள்!

இன்னொன்று. வெள்ளைப் பிரம்பு இடுப்புக்குக் கீழே உள்ளதைத்தான் சொல்லும். நடைபாதைப் பக்கம் திறக்கிற ஜன்னல் கதவு தலை மட்டத்தில் நிற்கும், பிரம்பு அதன் கீழால் போய்விடும். என் நெற்றியில் மூன்று தையல் இருக்கிறது, ஓர் அலுவலகத்து ஜன்னல் தந்தது. ஜன்னல் பக்கவாட்டில் தள்ளிச் சாத்துகிறதாக இருக்கட்டும். கதவு ஒன்றில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாத்தியிருக்க வேண்டும். அரைவாசி திறந்த கதவைப் போல் எதிரி எங்களுக்கு வேறு இல்லை.

இனிக் கலை. சுவரில் பாடும் மீன் செய்யப்போகிறீர்களாம். சீமெந்து மீனைத் தடவி நான் என்ன செய்ய? நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காது வைத்துக் கேட்கிற சங்கதி அது. கண் தெரிந்தவனும் அதைக் காதால்தானே அறிந்தான்? தோணி எப்படி இருக்கும் என்று அந்த எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு பழுதான தோணியை இழுத்துக்கொண்டு வந்து போடுங்கள். ஏறி இருக்கட்டும், துடுப்புப் போடட்டும்.

எங்கள் ஊர்க் கூத்தில் நான் கதையைத் தவறவிட்டது கிடையாது. கட்டியகாரன் வந்து அரசன் வருகிறார் என்று கூறிவிட்டுப் போவான். அரசன் வந்து தான் இன்னார் என்று வரவு பாடி ஆடுவான். ஆளுக்கு ஏற்ற தாளக்கட்டு. சதங்கை கிட்ட வருகிறதா எட்டப் போகிறதா என்பது காதுக்குத் தெரியும். கூத்தாடுகிற களரி வட்டம் என்றபடியால் எந்தப் பக்கம் இருந்தாலும் ஆட்டம் நம் பக்கமும் சுற்றி வரும். நீங்கள் கீறிய மேடையில் எல்லாச் சத்தமும் ஒரு பெட்டிக்குள் இருந்து வரும். மேடையை வெட்டுங்கள். நிலமட்டத்தில் ஒரு வட்டம் விடுங்கள்.

எனக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் முதுகில் தட்டித்தான் எனக்குத் தாளம் படிப்பித்தார். வாயால் சொல்லிக்கொண்டே முதுகில் இரண்டு கையாலும் அடிப்பார், வலக்கை எது இடக்கை எது என்று முதுகுக்குத் தெரியும். இப்போதும் நடைச்சாரி ஆட்டத்துக்கு அடிக்கும்போது கை தடுமாறினால் முதலில் முதுகுதான் கூசுகிறது. அப்படிப் படித்த என்னை ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் இருத்தினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், சோடா தந்தார்கள். பத்தடி தள்ளி மத்தளம் சுருதி பிசகி அடிக்கிறது. "நான் ஒருக்கா வார் பிடிச்சுத் தரட்டோ" என்று கேட்டேன். "நீங்கள் இருங்கோ ஐயா, கஷ்டப்படாதீங்கோ" என்று தோளைப் பிடித்து இருத்திவிட்டார்கள். மண்டபத்தில் எங்களுக்குக் கதிரை போடுவதற்கு முன் மத்தளத்துக்கு இடம் போடுங்கள் தம்பி. எப்போதும் அதே இடம். கூட்டித் துடைக்கிறவர் நகர்த்தக் கூடாது.

மருதமுனை ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். மத்தளக்கார நானா சொன்னதில் முக்கால்வாசி சரி. வெளிச்சத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அது அவருடைய குற்றம் இல்லை.

தம்பி, உங்கள் 18 பேரில் 13 பேர் என்னைப் போன்றவர்கள். எனக்கு விழித்திரையில் கோளாறு, பரம்பரையாக வந்தது. குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரியும், மஃரிபுக்கு, பொழுது பட்டதுக்குப் பிறகு அதுவும் இல்லை. பாடசாலையில் படிப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பிள்ளைகள் பக்கவாட்டில் வந்து நின்றால் மட்டும் குரல் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கீறிய வெள்ளை மண்டபத்துக்குள் காலை பத்து மணிக்கு என்னைக் கொண்டுவந்து விட்டால் நான் ஒன்றும் தெரியாதவள். கிழக்கு ஜன்னலால் வருகிற வெயில் வெள்ளை ரைல்ஸில் பட்டுத் தெறித்தால் கண்ணுக்குள் பால் ஊற்றின மாதிரி. வெளிச்சம் வேண்டும், தெறிப்பு வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தை நீட்டுங்கள், உள்ளே தறிச்சீலைத் திரை போடுங்கள். மின்குமிழைப் பார்வையில் படாத மாதிரி மறைத்து, சுவரிலோ சீலிங்கிலோ வெளிச்சம் பட்டு இறங்க வையுங்கள்.

நிறம் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். எங்கள் உம்மம்மா வீட்டுச் சிவப்புச் சீமெந்து நிலம் எனக்கு இன்றைக்கும் கண் மூடிப் போகிற இடம், ஏனென்றால் சுவர் வெள்ளை, நிலம் சிவப்பு, கதவு நிலை கடும் பச்சை. பளபளப்பு மட்டும் ஏற்றாதீர்கள். படி விளிம்பில் இரண்டு அங்குல மஞ்சள் பட்டி, படியின் முழு அகலத்துக்கும், ஒவ்வொரு படிக்கும். வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிச்சைத் தடவித் தேடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், வெள்ளை ரைல்ஸ் மலசலகூடத்தில் வெள்ளைக் கோப்பையைத் தேடுகிற கஷ்டத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. பின்சுவரை நீலமாக்கினால் தீர்ந்தது. கண்ணாடிக் கதவு வேண்டவே வேண்டாம். ஒரு கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்த்திருக்க அதில் நான் நெற்றியால் முட்டினேன்.

கைவேலைக்கு ஒரு தறி வையுங்கள். எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் வாப்பாவின் மூத்தவருக்கு நீரிழிவால் கண் போன பிறகும் சாகும்வரை நூல் சுற்றினார். அறுந்த நூலை எங்கள் எல்லோரையும் விட முதலில் பிடிப்பவர் அவர்தான், விரலில் இழுவை மாறுமாம். நிறம் பிரிக்க நூற்கண்டின் வாலில் முடிச்சுப் போட்டுவைப்போம். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, கறுப்புக்கு முடிச்சே இல்லை. வெள்ளைக்கு என்ன வைத்தோம் என்று இப்போது மறந்துவிட்டது.

பெண்கள் வர வேண்டுமென்றால் கேற்றில் இருந்து மலசலகூடம்வரை மாலையில் விளக்கு எரிய வேண்டும். இது படத்தில் இருக்காது, அதனால்தான் சொல்கிறேன்.

செங்கலடிப் பொடியன்

மொரட்டுவையில் கட்டடக்கலை படிக்கிறேன், மூன்றாம் வருடம். படித்ததில் இரண்டு கட்டடம் ஞாபகம் வந்தது.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் ஹேசல்வூட் என்ற பாடசாலை, 2007இல் திறந்தது, வடிவமைத்தவர் அலன் டன்லொப். கண், காது இரண்டும் குறைந்த பிள்ளைகளும் படிக்கிறார்கள். நீண்ட நடைவழிச் சுவரைத் தக்கையால் போர்த்தியிருக்கிறார்கள். கைக்குச் சூடாகவும் மெத்தென்றும் இருக்கும். பிள்ளைகள் அதைத் தடவிக்கொண்டே தனியாக வகுப்புக்குப் போகிறார்கள். மற்றது மெக்சிகோ நகரத்தில், மௌரிசியோ ரோச்சா வடிவமைத்த விழிப்புலனற்றோர் நிலையம். சுவர்க் கொங்கிரீற்றில் கை உயரத்தில் கோடு விட்டிருக்கிறார், எந்தக் கட்டடம் என்பதைக் கோட்டின் வகை சொல்லும். வாசனைச் செடி நட்டிருக்கிறார். முற்றத்தின் நடுவே ஒரு தண்ணீர் வாய்க்கால், அதன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

மத்தளக்கார ஐயா சொன்ன விழாக் கதை மனதைக் குடைந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆவது உறுப்புரை கலையையும் பொழுதுபோக்கையும் பற்றியது. பார்க்க, கேட்க வழி செய்வதோடு அது நிற்கவில்லை. அவர்கள் தங்கள் கலைத்திறனை வளர்த்துப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும், அது அவர்களுக்காக மட்டும் அல்ல, சமூகத்தின் வளத்துக்காகவும் என்று சொல்கிறது. சோடாவும் பொன்னாடையும் அதில் இல்லை.

படத்தைத் தாளில் காட்டிய அண்ணாவுக்கு ஒரு தகவல். சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ் டவ்னி என்று ஒரு கட்டடக் கலைஞர். 2008இல் மூளைக் கட்டிக்குச் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுக்கப் போய்விட்டது, ஆனால் தொழிலை விடவில்லை. படத்தைப் புடைப்பாக அச்செடுத்து விரலால் வாசிக்கிறார், மெழுகு பூசிய நூலை அதன்மேல் ஒட்டித் தன் கோட்டைக் கீறுகிறார்.

மத்தளக்காரன், படுவான்கரை

வாய்க்கால் நல்ல யோசனைதான் மனே. எங்கள் ஊரில் தண்ணீர் தேங்கினால் இரண்டாம் கிழமை நுளம்பு, மூன்றாம் கிழமை சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்து டெங்குக்குத் தண்டம் எழுதுவார். வாசனைக்கு வாசலில் ஒரு மல்லிகைப் பந்தல் போதும். அதுவும் பூக்கிற காலத்தில்தான் வழி சொல்லும்.

கோடு வைத்த சுவர் எனக்குப் பிடித்திருக்கு. செலவும் இல்லை, பூச்சு ஈரமாக இருக்கும்போது மேசன் விரலால் இழுத்துவிட்டால் சரி.

பி2 ஆட்டக்காரன், பாண்டிருப்பு

எல்லோரும் மண்டபத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். வெளியே காணி இருக்கா?

விழிப்புலனற்றோர் கிரிக்கெட் விளையாடுகிறவன் நான், பி2 என்றால் கொஞ்சம் பார்வை உள்ள வகை. உலகக் கிண்ணம் 1998இலேயே டில்லியில் தொடங்கிவிட்டது, இலங்கை அணியும் அதில் ஆடியது. பிளாஸ்டிக் பந்து, உள்ளே இரும்புக் குண்டு கிடந்து கலகலக்கும். பந்தைக் கீழ்க்கையால் உருட்டித்தான் போட வேண்டும். வீசுகிறவர் "ரெடி?" என்பார், மட்டைக்காரர் "யெஸ்" என்றபிறகு "ப்ளே" என்று சொல்லி விடுவார். அணியில் முழுக்கப் பார்வையில்லாத பி1 ஆட்டக்காரர் குறைந்தது நாலு பேர், அவர்கள் எடுக்கிற ஓட்டம் இரட்டிப்பு. விக்கெட் இரும்பு, பட்டால் சத்தம் வரும். காணியில் பந்தயம் என்றால் பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்ல வேண்டும், அதுதான் ஆகப் பெரிய செலவு.

கோல்போல் உங்கள் களஞ்சியத்துக்குள் வராது. அதற்கு 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம் வேண்டும். ஆனால் அதில் ஒரு தந்திரம் இருக்கு. கோட்டுக்குக் கீழே மெல்லிய கயிறு வைத்து மேலே ரேப் ஒட்டுவார்கள், எல்லை எங்கே என்று காலும் கையும் அறியும். ஐயா கேட்ட களரி வட்டத்துக்கு அதையே செய்யலாமே?

சதுரங்கப் பலகை கடையில் தேட வேண்டாம், தச்சரிடம் சொல்லுங்கள். கறுப்புக் கட்டம் வெள்ளையை விடக் கொஞ்சம் உயரம், கட்டத்துக்குக் கட்டம் ஒரு துளை, காய்க்குக் கீழே ஒரு முளை. கறுப்புக் காயின் தலையில் சின்ன ஆணி. தடவும்போது காய் விழக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். என்னிடம் உள்ளதை வீட்டில் இருந்த பழைய தேக்குக் கதவில் செய்தோம். மச்சான் இன்னும் அந்தக் கதவுக்காக அழுகிறான்.

பிளான்கீறி, களுவாஞ்சிகுடி

மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கை தட்டிப் பார்த்தேன். மத்தளக்கார ஐயா சொன்ன அதே 'ட்ர்ர்ர்'. இத்தனை வருடத்தில் ஒரு கட்டடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நான் அளந்ததே இல்லை.

பிறகு ஒரு ஹார்ட்போட்டில் அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்து மண்டபத்தை ஒட்டினேன். 34 அங்குலம், 20 அங்குலம். சுவருக்குச் சணல் கயிறு, கதவு வரும் இடத்தில் இடைவெளி, களரிக்குத் தும்புக் கயிறு வட்டம், பாய் தொங்கும் சுவருக்குப் பன்பாய்த் துண்டு, மலசலகூடத்துக்கு அரத்தாள். ஒட்டி முடிக்க இரண்டு இரவு. மனைவி இதென்ன பாலர் வகுப்பா என்று கேட்டாள்.

ஞாயிறு கொண்டுபோய் அதே மேசையில் வைத்தேன். இந்த முறை நான் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. 22 கை ஒரே நேரத்தில் இறங்கியது, "கையை எடு", "நீ எடு" என்று சண்டை. 71 வயது ஐயா வாசலில் விரலை வைத்து, நடந்து போகிற மாதிரியே இரண்டு விரலால் நடத்திக்கொண்டு போனார். களரியைச் சுற்றினார். தறி மூலையில் நின்றார். அரத்தாளைத் தொட்டதும் "இதுதானே அது" என்று சிரித்தார். கடுதாசி விலை கேட்டவர் இப்போது கயிறு எந்தக் கடை என்று கேட்டார்.

பிழை பிடித்தது எட்டு வயதுக்காரி. அவளுடைய சின்ன விரல் கதவு இடைவெளிக்குள் போய், வெளியே வந்து, திரும்பவும் போனது. "மாமா, இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" மலசலகூடக் கதவு. வெளிப்பக்கம் என்றேன். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது என்று வெளிப்பக்கம் வைத்திருந்தேன். "அப்ப நான் சுவரைப் பிடிச்சு வரக்குள்ள மூஞ்சில அடிக்குமே?" கோடு இழுத்த சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் வழியில், சரியாக முகத்துக்கு நேரே, அதைத் திறக்க விட்டிருக்கிறேன். பதினான்கு வருடம் படம் கீறுகிறவன்! இழுவைக் கதவாக மாற்றியாயிற்று.

மற்ற மாற்றம் இவ்வளவு. உள்ளே மஞ்சள் ரைல்ஸ் இல்லை, அந்தக் காசு சீலிங்குக்குப் போனது. சிவப்புச் சீமெந்து, பளபளப்பு இல்லை. மேடை இல்லை. புடைப்புச் சித்திரம் இல்லை, சங்கத் தலைவருக்கு அதில்தான் மனவருத்தம், பெயர் பொறிக்க இடம் போய்விட்டதாம். தோணி கிடைத்தது, பெரியகல்லாற்றில் ஒருவர் சும்மா தந்தார். வாசலால் உள்ளே போகவில்லை. முற்றத்து மாமரத்தடியில் கிடக்கிறது, அதில் ஏறாத பிள்ளை இல்லை.

ராத்தா, தறியை விறாந்தையில் வைக்கிறேன். உள்ளே வைத்தால் மத்தளத்தோடு சண்டை வரும். விறாந்தைக்கும் கேற்றுக்கும் விளக்குப் படத்தில் ஏறிவிட்டது. பாண்டிருப்பு அண்ணா, காணி 60 அடிதான், கிரிக்கெட் கஷ்டம். சதுரங்கப் பலகை இரண்டுக்குத் தச்சரிடம் சொல்லிவிட்டேன். கதவு ஒன்றையும் உடைக்கவில்லை.

மருதமுனை ராத்தா

மாஷா அல்லாஹ். விறாந்தையில் சாரல் அடிக்கும், நூல் நனைந்தால் போச்சு. தறிக்கு மேல் தாழ்வாரம் இன்னும் இரண்டடி இறங்கட்டும். வெள்ளைக்கு மூன்று முடிச்சு, ஞாபகம் வந்துவிட்டது.

மத்தளக்காரன், படுவான்கரை

சனிக்கிழமை வருகிறேன். மத்தளத்தை நிலத்தில் வைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தொங்கவிடுகிற கொளுக்கிக்கு வாசலில் இருந்து எத்தனை எட்டு வைத்து நடக்க வேண்டும்?

பிளான்கீறி, களுவாஞ்சிகுடி

வாசலால் வந்து வலப்பக்கச் சுவரைப் பிடித்து ஏழு எட்டு, அண்ணே.

மத்தளக்காரன், படுவான்கரை

உங்கள் எட்டா, என் எட்டா?